ஷேர் ஆட்டோ சண்டையும் 1,80,000 ரூபாயும்

கேள்வி: மேடவாக்கத்தில் வாடகை வீட்டில் இருக்கிறோம். நான் தனியார் நிறுவன ஊழியன். மனைவி பள்ளி ஆசிரியை. தங்கையின் வளைகாப்புக்குத் தங்க வளையலும் மண்டபமுமாகக் கிரெடிட் கார்டில் செலவழித்ததில் 1,80,000 ரூபாய் பாக்கி நிற்கிறது. மாத வட்டி 3.5 சதவீதம். மினிமம் டியூவாக 9,000 ரூபாய் மட்டும் கட்டிவருகிறேன். மனைவிக்கு எதுவும் தெரியாது. அவள் தனி ஆட்டோவில் வீடு திரும்பினால்கூட, “ஷேர் ஆட்டோவில் வந்தால் என்ன?” என்று எரிந்து விழுகிறேன். இந்தச் சண்டைகளை எப்படி நிறுத்துவது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: அன்புள்ள வாசகருக்கு, முதலில் உங்கள் கணக்கையே பார்ப்போம். 3.5 சதவீத வட்டி என்றால் மாதத்துக்கு 6,300 ரூபாய். அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 1,134 ரூபாய். ஆக, நீங்கள் கட்டும் 9,000 ரூபாயில் 7,434 ரூபாய் வட்டிக்கும் வரிக்குமே போக, அசலில் கழிவது வெறும் 1,566 ரூபாய்தான். பாக்கி நிற்கும்வரை புதிதாக வாங்கும் பொருளுக்கும் வட்டியில்லாத நாட்கள் கிடையாது என்பதால், அதே கார்டைத் தேய்த்து வாங்கும் மளிகைக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். ஆகவே கார்டை இன்றே எடுத்து வைத்துவிடுங்கள்.

இதே தொகைக்கு வங்கியில் நகைக்கடன் வாங்கி, ஆண்டு வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், மாதத்துக்கு 1,500 ரூபாய்தான் ஆகிறது. தனிநபர் கடன் அதைவிடச் சற்று அதிகமானாலும் கார்டு வட்டியை நெருங்காது. ஆனால் நகை இருப்பது மனைவியின் பீரோவில். கடன் தவணையோ இருவர் சம்பளத்திலும் நடக்கும் குடும்பச் செலவிலிருந்து போக வேண்டும். அவருக்குத் தெரியாமல் இந்த இரண்டு வழிகளிலும் நீங்கள் காலெடுத்து வைக்க முடியாது. மறைத்து வைத்திருப்பதற்காக மட்டுமே மாதம் ஏறத்தாழ 6,000 ரூபாய் கூடுதலாகக் கட்டுகிறீர்கள். அதை ஈடுகட்டத்தான் அவருடைய ஆட்டோக் காசில் கை வைக்கிறீர்கள். சண்டை ஆட்டோவைப் பற்றியதே அல்ல என்பது, என் ஊகத்தில், அவருக்கும் ஏற்கெனவே புரிந்திருக்கும்.

எனவே அவரிடம் சொல்லிவிடுங்கள். இரவு படுக்கப்போகும் நேரத்தில் அல்ல; பள்ளி விடுமுறை நாள் ஒன்றில், கார்டு பில்லைக் கையில் வைத்துக்கொண்டு, முழுத் தொகையையும் ஒரே தடவையில் சொல்லுங்கள். பாதியை இன்றும் மீதியை அடுத்த மாதமும் சொன்னால், இரண்டாவது முறை உங்களை நம்ப மாட்டார். அன்றைக்கே நகையைக் கேட்காதீர்கள். சீதனம் மனைவிக்கு மட்டுமே உரிய சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1985-இல் பிரதிபா ராணி வழக்கிலேயே கூறிவிட்டது. அவராகத் தந்தால் வாங்கிக்கொள்ளுங்கள், தராவிட்டால் தனிநபர் கடனுக்குப் போங்கள்.

இன்னொன்று: வளைகாப்போடு செலவு முடியவில்லை. பிரசவம், குழந்தைக்குக் காப்பும் அரைஞாணும், பிறகு தாய்மாமன் மடியில் உட்கார்த்திக் காது குத்துவது என்று வரிசையாக வரும். தங்கைக்குச் செய்வதில் தவறில்லை. ஆனால் தாய்மாமன் சீர் இவ்வளவுதான் என்ற தொகையை இப்போதே மனைவியோடு உட்கார்ந்து முடிவு செய்து, அதை உங்கள் அம்மாவிடம் நீங்களே சொல்லுங்கள். மனைவியைச் சொல்ல வைக்காதீர்கள்.