அப்பம்மாவைக் கொன்றது கிழங்கா, நஞ்சா?

கேள்வி: 1957இல் ஒட்டுசுட்டானில் என் அப்பம்மா கிழங்கு அவித்துச் சாப்பிட்டு மூன்றாம் நாள் இறந்தார். கார்த்திகைக் கிழங்கு (காந்தள் கிழங்கு) என்கிறார்கள் சிலர். மச்சாள் நஞ்சு கலந்தார் என்கிறார்கள் சிலர். முல்லைத்தீவில் மரணப் பதிவே இல்லையாம். எப்படி அறிவது?

பதில்: முல்லைத்தீவு தனி மாவட்டமானதே 1978இல். அதற்கு முன் ஒட்டுசுட்டான் வவுனியா மாவட்டம். ஆகவே வவுனியாவிலும் தேடக் கேளுங்கள். இந்தச் சின்ன விஷயத்தைக்கூடச் சொல்லாமல் 'இல்லை' என்று சனத்தைத் திருப்பி அனுப்புவதைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

இன்னொன்று: மரணம் நடந்த இடத்தில்தான் பதிவு, ஊரில் அல்ல. அப்பம்மாவை வண்டிலில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்களா? வவுனியாவிலோ யாழ்ப்பாணத்திலோ உயிர் போயிருந்தால் பதிவும் அங்கேதான். சடலம் வீட்டுக்கு எங்கிருந்து வந்தது என்று முதலில் விசாரியுங்கள். வீட்டிலேயே இறந்தார் என்றால் ஊர்ப் பதிவாளரின் புத்தகம்தான்.

கச்சேரி (மாவட்டச் செயலகம்) வாசலில் நிற்கும் தரகரிடம் மட்டும் போகாதீர்கள். 'என்ன காரணத்தால் செத்தவ?' என்று உங்கள் வாயாலேயே கேட்டு, அதையே எழுதிய புதுப் பத்திரத்தைக் கையில் தருவார். காசும் போகும், உண்மையும் போகும். மூலப் பத்திரம் கிடைத்தாலும் அந்தக் காலத்தில் வீட்டார் சொன்னதைத்தான் பதிவாளர் எழுதினார். 'வயிற்றோட்டம்' என்றிருந்தால் அது எதையும் தீர்க்காது.

வயதானவர்களின் ஞாபகம்தான் உங்கள் சாட்சி. கார்த்திகைக் கொடி பட்டுப்போன பிறகு மண்ணுக்குள் இருக்கும் கிழங்கை வள்ளிக்கிழங்கென்று கிண்டி எடுத்துவிடுவார்கள். அதிலுள்ள கொல்சிசின் என்ற நஞ்சு அவித்தாலும் போகாது. சில மணித்தியாலத்தில் தொண்டை எரிவு, வாந்தி, இரத்தம் கலந்த வயிற்றோட்டம். பிறகு சில நாளில் மரணம். மூன்றாம் நாள் என்பது அதற்குப் பொருந்துகிறது.

அதே பானையில் சாப்பிட்டுப் பிழைத்தவர் யாராவது உண்டா? அவருக்கு ஒன்றிரண்டு கிழமையில் தலைமயிர் கொத்தாகக் கொட்டியதா? கொல்சிசினில் தப்பியவருக்கு அப்படித்தான் கொட்டும். நெருப்புக்காய்ச்சலிலும் (தைபோயிட்) மயிர் கொட்டும், ஆனால் மாதங்கள் கழித்து. உறவினர்களைக் கூட்டிவைத்துக் கேட்காதீர்கள். ஒருவர் சொன்னதை மற்றவர் திருப்பிச் சொல்வார். தனித்தனியே போய், 'தலைமயிர்' என்ற பேச்சை நீங்கள் எடுக்காமல், பிழைத்தவருக்குப் பிறகு என்ன நடந்தது என்று மட்டும் கேளுங்கள்.

மயிர் கொட்டியது உண்மையென்றால் பெரும்பாலும் கிழங்குதான். அதை யார் பானையில் போட்டார் என்று அது சொல்லாது. ஆனால் மச்சாளும் அதே பானையில் சாப்பிட்டிருந்தால், அந்தப் பழியை இனியாவது அவர் மேலிருந்து இறக்குங்கள்.