"அம்மா, கிறிஸ்மஸ் எப்ப முடியும்?"

கேள்வி: டிசம்பர் பிறந்தாலே எனக்குப் படபடப்பு வந்துவிடுகிறது. ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளின் நாடகம் என் பொறுப்பு. பாடகர் குழுவிலும் இருக்கிறேன். வீட்டை ஒழுங்குபடுத்துவது, புதுத்துணி, பரிசு, விருந்து, வாழ்த்து அனுப்புவது எல்லாம் என் தலையில்தான். கணவர் விளக்குச் சரம் மாட்டித் தருவார். போன வருஷம் நள்ளிரவு ஆராதனையில், குடிலில் குழந்தை இயேசுவை வைத்த அந்த நேரத்தில், தேவதூதன் வேஷத்துக்கான இறக்கைகளை யார் எடுத்துப்போனார்கள் என்று யோசித்துக்கொண்டு நின்றேன். அதற்கு முந்தின நாள், ஒத்திகைக்கு அவசரமாக இழுத்துப்போகும்போது என் ஏழு வயது மகள், "அம்மா, கிறிஸ்மஸ் எப்ப முடியும்?" என்று கேட்டாள். அது இன்னும் குத்துகிறது. இந்த வருஷம் மரம், அலங்காரம், பரிசு எல்லாவற்றையும் விட்டுவிட்டு, ஜெபம் மட்டும் போதும் என்று இருந்துவிடலாமா? இயேசுவின் பிறப்பை மனதார நினைத்து எத்தனையோ வருஷம் ஆகிறது.
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்:

அன்புள்ள சகோதரி,

அந்த இறக்கைகள் கடைசியில் கிடைத்தனவா? அதைச் சொல்லாமலே கடிதத்தை முடித்துவிட்டீர்களே.

கேலிக்குக் கேட்கவில்லை. நானும் அதே இடத்தில் நின்றவள்தான். பல வருஷமாக எங்கள் ஆலயத்தில் கிறிஸ்மஸ் அன்று இயேசுவின் பிறப்பைச் சொல்லும் லூக்கா நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தை வாசிப்பது என் வேலை. எங்கே நிறுத்துவது, எங்கே குரலைத் தாழ்த்துவது எல்லாம் கைவந்த பழக்கம். ஒரு வருஷம் வாசித்து முடித்து, இருக்கைக்குத் திரும்பி உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது, நான் வாசித்ததில் ஒரு வார்த்தைகூட என் காதில் விழவில்லை என்று. வாய் வாசித்தபடி இருக்க, மனசு அடுப்பை அணைத்தேனா இல்லையா என்று பார்க்க வீட்டுக்குப் போயிருந்தது. பக்கத்தில் இருந்தவர் "ரொம்ப நல்லா வாசிச்சீங்க" என்று வேறு சொல்லிவிட்டார். அன்றைக்கு அதைவிட வலித்த பாராட்டு எனக்கு இல்லை.

அடுத்த டிசம்பரில் ஒரு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு அந்தப் பகுதியைக் கையால் எழுதினேன். பக்தி முற்றி அல்ல, பயந்துபோய். முதல் இருபது வசனம், ஒரு நாளைக்கு ஐந்து, நாலே நாள். கண் தாண்டிப் போகும், கை தாண்டாது. முதல் நாள் எழுதியதில் என்ன இருந்தது தெரியுமா? ரோமப் பேரரசன் அகுஸ்து இராயனின் கட்டளை, சிரேனியு என்கிற தேசாதிபதி, குடிமதிப்பு என்கிற மக்கள் கணக்கெடுப்பு, அவரவர் ஊருக்குப் பயணம், யோசேப்பு கலிலேயாவிலிருந்து யூதேயாவுக்குப் போனது. முழுக்க முழுக்க அரசாங்க உத்தரவும் அலைச்சலும். பிள்ளை பிறந்ததற்கு லூக்கா கொடுத்தது ஒரே ஒரு வசனம், ஏழாவது. பெற்றாள், துணியில் சுற்றினாள், முன்னணையில், அதாவது மாட்டுத் தீவனத் தொட்டியில், கிடத்தினாள். பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிறிது நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அந்த வசனத்தில் "சத்திரம்" என்று நாம் வாசிக்கும் இடத்தில் கிரேக்க மூலத்தில் இருப்பது "கட்டாலுமா" என்ற சொல். இயேசு சீஷரோடு பஸ்கா விருந்துண்ட அறைக்கும் லூக்கா இதே சொல்லைத்தான் போடுகிறார். நல்ல சமாரியன் கதையில் காசு கொடுத்துத் தங்கும் சத்திரம் வருகிறதே, அதற்கு அவர் போடும் சொல் வேறு, "பண்டோகெயோன்". அதனால் வேத அறிஞர்கள் பலர், பெத்லகேமில் நிறைந்திருந்தது விடுதி அல்ல, யாரோ ஒருவர் வீட்டின் விருந்தினர் அறை என்கிறார்கள். குடிமதிப்புக்காக ஊர் திரும்பிய கூட்டம் அந்த அறையை அடைத்துவிட்டது. அந்தக் காலத்து எளிய வீடுகளில் இரவில் கால்நடைகளையும் உள்ளேயே கட்டுவார்கள், தீவனத் தொட்டியும் அங்கேயே இருக்கும். கால் நீட்ட இடமில்லாத அந்த நெரிசலில் பிள்ளையைப் போட ஒரு தொட்டி கிடைத்தது. கதவை அறைந்து சாத்துகிற விடுதிக்காரன் லூக்காவில் கிடையவே கிடையாது. (உங்கள் நாடகத்தில் அந்த வேஷத்துக்கு ஒரு பையன் ஆசையாக வசனம் மனப்பாடம் செய்துகொண்டிருப்பான். பாவம், அவனை எடுத்துவிடாதீர்கள்.)

இதை இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வீடு ஓய்ந்து, வேலை முடிந்து, மனசு அமைதியான பிறகுதான் கிறிஸ்துவை நினைக்க முடியும் என்று நீங்கள் நம்புகிறீர்கள். அப்படி ஒரு வீட்டில் அவர் பிறக்கவில்லை.

ஆகவே எல்லாவற்றையும் விட்டுவிடலாமா என்ற உங்கள் கேள்விக்கு என் பதில், வேண்டாம். அதையும் மனிதர்கள் செய்து பார்த்துவிட்டார்கள். வேதத்தில் தேதி இல்லாத பண்டிகை எதற்கு என்று 1647-ல் இங்கிலாந்து நாடாளுமன்றம் கிறிஸ்மஸையே தடை செய்தது. 1659-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில், கொண்டாடினால் ஐந்து ஷில்லிங் அபராதம் என்று சட்டம் போட்டார்கள். இரண்டும் நிலைக்கவில்லை. அலங்காரம் தானாகவே தவறு என்றும் எனக்குத் தோன்றவில்லை. 1223-ல் இத்தாலியில் கிரேச்சோ என்ற ஊரில் அசிசி பிரான்சிஸ் என்ற துறவி குடில் அமைத்தபோது அவர் கொண்டுவரச் செய்தது ஒரு தீவனத் தொட்டி, வைக்கோல், ஒரு மாடு, ஒரு கழுதை. அந்தக் குழந்தை என்னென்ன இல்லாமல் பிறந்தது என்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்பதுதான் அவர் ஆசை. அலங்காரத்தை எதற்காக வைக்கிறோம் என்று தெரிந்து வைத்தால் அதுவும் ஒரு பிரசங்கம் செய்யும்.

உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்தியது வேறு இடம். மத்தேயு நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தில் ஏரோது ராஜா, கிறிஸ்து எங்கே பிறப்பார் என்று பிரதான ஆசாரியரையும் வேதபாரகரையும் கேட்கிறான். அவர்கள் தயங்கவே இல்லை. பெத்லகேம் என்று மீகா தீர்க்கதரிசியைக் காட்டிச் சொல்லிவிடுகிறார்கள். எருசலேமிலிருந்து பெத்லகேம் ஏறத்தாழ 9 கிலோமீட்டர்தான். நடந்தால் காலையில் கிளம்பி மத்தியானத்துக்குள் சேர்ந்துவிடலாம். அவர்களில் ஒருவர்கூடப் போனதாக மத்தேயு எழுதவில்லை. கிழக்கே எங்கோ இருந்து வந்த அந்நியர்கள், நாம் ஞானிகள் என்கிறவர்கள், போனார்கள். வசனம் தெரிந்தவர்கள், பிறருக்கு வழி சொல்லக்கூடியவர்கள், தங்கள் இடத்திலேயே இருந்துவிட்டார்கள். நாடகம் சொல்லிக்கொடுக்கிற உங்களுக்கும் வேதம் வாசிக்கிற எனக்கும் இருக்கிற ஆபத்து அதுதான்.

சரி, என்ன செய்யலாம்?

முதலில் அந்தத் தேதியின் கழுத்தைப் பிடித்திருக்கிற கையை எடுங்கள். உங்களுக்கு 25 என்பது எல்லா வேலையும் முடிந்திருக்க வேண்டிய கெடு நாளாகிவிட்டது. திருச்சபையின் பழைய கணக்கு அப்படி அல்ல. அதற்கு முந்தைய நாலு ஞாயிறுகள் திருவருகைக் காலம், காத்திருக்கிற காலம். பண்டிகை 25-ல் தொடங்கி 12 நாள் நடக்கும். 567-ல் பிரான்சின் தூர் நகரில் கூடிய திருச்சபைச் சங்கம் இந்த நாட்களைப் பண்டிகை நாட்களாகவே சொன்னது. ஜனவரி 6, ஞானிகள் குழந்தையைக் கண்ட திருக்காட்சித் திருநாள். நாம் அதைத் தலைகீழாக்கிவிட்டோம். மாதம் முழுக்கக் கொண்டாடிக் களைத்து, 25 சாயங்காலம் கட்டிலில் விழுந்து, மறுநாள் அலங்காரத்தைக் கழற்றிப் பெட்டியில் போடுகிறோம்.

அந்த 12 நாளை எடுத்துக்கொள்ளுங்கள். பரிசுகளை ஜனவரி 6-க்குத் தள்ளுங்கள். ஞானிகள் பொன்னும் தூபவர்க்கமும் வெள்ளைப்போளமும் தந்ததை நினைக்கிற நாளில் பரிசு கொடுத்தால் யாரும் தப்புச் சொல்ல முடியாது. விருந்தினரை 27, 28 என்று அழையுங்கள். வாழ்த்துகளைப் புது வருஷத்துக்குப் பிறகு நிதானமாக அனுப்பலாம். வாழ்த்து அட்டை பிறந்த கதை தெரியுமா? 1843-ல் லண்டனில் ஹென்றி கோல் என்பவருக்கு வந்த கடிதங்களுக்கெல்லாம் பதில் எழுத நேரம் இல்லை. ஓவியர் ஒருவரிடம் படம் வரையச் சொல்லி அச்சடித்து அனுப்பிவிட்டார். நேரமில்லாதவர் கண்டுபிடித்த வழி நம் நேரத்தை இப்படித் தின்கிறது!

அடுத்தது, நாடகத்தை வைத்துக்கொண்டு பாடகர் குழுவை இந்த ஒரு வருஷம் விடுங்கள். குழுத் தலைவருக்கு வருத்தமாக இருக்கும், இருக்கட்டும். நள்ளிரவு ஆராதனையில் நீங்கள் இருக்க வேண்டிய இடம் மகளுக்குப் பக்கத்து இருக்கை. நாடகத்தையும் சுருக்குங்கள். லூக்காவின் தேவதூதனுக்கு இறக்கை இருந்ததாக எங்கும் எழுதியிருக்கவில்லை, தெரியுமா? வெள்ளைத் துணி போதும்.

உங்கள் கணவர் இவ்வளவு நீளக் கடிதத்தில் ஒரே ஒரு வரியில் வருகிறார், அதுவும் கையில் விளக்குச் சரத்தோடு. விருந்தை அவர் பொறுப்பில் விடுங்கள். நீங்கள் செய்வது போல இருக்காது. நாலு சாமான் மறந்துபோகும். வாயைத் திறக்காமல் பொறுத்துக்கொள்வதுதான் உங்கள் பங்கு, அது கஷ்டமான பங்கு என்று அனுபவத்தில் சொல்கிறேன். அந்த விருந்துக்குத் திரும்பி உங்களை அழைக்க முடியாத ஒருவரையும் கூப்பிடுங்கள். அது யார் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும்.

ஜெபத்துக்கு வருகிறேன். தினமும் ஒரு மணி நேரம் என்று தீர்மானம் எடுக்காதீர்கள், மூன்றாம் நாளே உடையும். பிறகு குற்ற உணர்வு வந்து அதுவும் வேலைப் பட்டியலில் ஒன்றாகச் சேரும். 1839-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் ஆதரவற்ற பிள்ளைகளை வளர்த்துவந்த யோஹன் ஹின்ரிக் விக்கர்ன் என்ற போதகரை, கிறிஸ்மஸ் எப்போது வரும், எப்போது வரும் என்று அந்தப் பிள்ளைகள் நச்சரித்தார்கள். அவர் ஒரு வண்டிச் சக்கரத்தில் வாரநாட்களுக்கு 20 சின்னச் சிவப்பு மெழுகுவர்த்தி, ஞாயிறுகளுக்கு 4 பெரிய வெள்ளை மெழுகுவர்த்தி வைத்து, நாளுக்கு ஒன்றாகக் கூட்டி ஏற்றினார். இன்றைக்கு ஆலயங்களில் ஏற்றும் திருவருகை வளையம் அதிலிருந்து வந்ததுதான். உங்கள் வீட்டில் ஒரே ஒரு மெழுகுவர்த்தி போதும். இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் விளக்கை அணைத்து, அதை ஏற்றி, லூக்காவில் ஒரே ஒரு வசனம். மகளையே வாசிக்கச் சொல்லுங்கள். எழுத்துக்கூட்டி வாசிப்பாள், திக்குவாள், "சிரேனியு" அவள் வாயில் என்னவோ ஆகும். அந்த வேகம்தான் உங்களுக்கு வேண்டும். டிசம்பர் 5-ம் தேதி தொடங்கினால் இருபதாவது வசனம் 24 இரவுக்கு வந்து நிற்கும். அது மேய்ப்பர்கள் தேவனைத் துதித்துக்கொண்டு திரும்பிப்போகிற வசனம். ஆடுகளிடம்தான் போயிருப்பார்கள், வேறெங்கே போவார்கள்?

சில நாள் மெழுகுவர்த்தி ஏற்ற மறந்துபோகும். மறுநாள் இரண்டு வசனம் வாசித்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். மனசு அந்த ஒரு நிமிஷத்திலும் இறக்கையைத் தேடி ஓடினால், ஓடிய மனசோடேயே உட்காருங்கள். எனக்கு இன்னும் ஓடுகிறது.

மகளின் கேள்விக்கு நீங்கள் இதுவரை பதில் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். 25 காலையில் அவளைக் கூப்பிட்டு, இன்றைக்குத்தான் கிறிஸ்மஸ் ஆரம்பம், இன்னும் 12 நாள் இருக்கிறது என்று சொல்லுங்கள். குடில் பெட்டியிலிருந்து ஞானிகளை மட்டும் எடுத்து அவள் கையில் கொடுங்கள். (மூன்று பேர் என்று மத்தேயு சொல்லவில்லை, பெட்டியில் எத்தனை இருக்கிறதோ அத்தனை.) குடில் ஒரு அறையில் இருந்தால், ஞானிகள் வீட்டின் மறு கோடியிலிருந்து புறப்படட்டும். தினமும் அவள் அவர்களைக் கொஞ்சம் நகர்த்தி வைக்க வேண்டும், ஜன்னல் ஓரம், புத்தக அலமாரி, நாற்காலி என்று. ஆறாம் தேதி குடிலுக்கு வந்து சேருவார்கள். வழியில் அவர்கள் தங்குகிற இடமெல்லாம் அவள் கைக்கு எட்டுகிற உயரமாக இருக்கும்படி மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.