தினமும் கையோடு ஒரு மடக்குக் கத்தி: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

மடக்குக் கத்தி வைத்திருப்பவர்களும், ஒன்று வாங்கலாமா என்று யோசிப்பவர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். எனக்கு அதிகம் பழக்கமானவை இரண்டு: பிரான்சின் ஓப்பினல், சுவிட்சர்லாந்தின் விக்டோரினாக்ஸ். பதில்களும் பெரும்பாலும் அவற்றைச் சுற்றித்தான் இருக்கும்.

கேள்வி (கல்லூரி மாணவர், கோவை): அண்ணா, முதல் கத்தி வாங்கப் போகிறேன். ஓப்பினலா, விக்டோரினாக்ஸா? கறுப்புப் பூச்சு போட்ட தடித்த கத்திகள் ஆன்லைனில் இதைவிட மலிவாக வருகின்றனவே, அதை வாங்கினால் என்ன?

தம்பி, அந்தக் கறுப்புக் கத்தியை முதலில் விட்டுவிடுங்கள். தினமும் நமக்கு என்ன வேலை? பார்சல் பிரிப்பது, கயிறு அறுப்பது, கொய்யாக்காய் நறுக்குவது, பென்சில் சீவுவது. இதற்கெல்லாம் மெல்லிய அலகுதான் வேண்டும். தடித்த அலகு ஆப்பிளை வெட்டாது, பிளக்கும். எவ்வளவு கூராக இருந்தாலும் பாதி வழியில் சிக்கிக்கொள்ளும். வாங்குகிறவர்கள் கடைசியில் பார்க்கிற விஷயம் இதுதான். ஆனால் முதலில் பார்க்க வேண்டியதே இதுதான்.

ஓப்பினல் 8 (எண் என்பது கத்தியின் அளவு) பீச் மரப் பிடி போட்டது. அலகு 8.5 செ.மீ. நீளம், 2 மி.மீ.க்கும் குறைந்த தடிமன். சவோய் மலைப் பகுதியில் 1890-ல் ஜோசப் ஓப்பினல், அந்த ஊர்க் குடியானவர்களுக்காகச் செய்த கத்தி. அந்த வடிவம் இன்றுவரை பெரிதாக மாறவில்லை. விரித்த அலகு வேலையின் நடுவே மடங்காமல் இருக்க, கழுத்தில் ஒரு வளையம் திருகும். அது 1955-ல் வந்து சேர்ந்தது.

பழம், காய், மரச்சீவல் என்று வெட்டுகிற வேலைதான் அதிகம் என்றால் ஓப்பினல். திருப்புளி, கத்தரிக்கோல், டப்பா திறப்பான் எல்லாம் தேவைப்படும் என்றால் விக்டோரினாக்ஸ் கிளைம்பர். விடுதியில் தங்கிப் படிக்கிற உங்களுக்கு நான் கிளைம்பரைத்தான் சொல்வேன். அதிலிருக்கும் சின்னக் கத்தரிக்கோலை அலகைவிட அதிகமாக எடுப்பீர்கள், பாருங்கள்.

கேள்வி (குடும்பத் தலைவி, தஞ்சாவூர்): ஓப்பினல் கார்பன் கத்தி வாங்கினேன். எலுமிச்சம்பழம் நறுக்கிய அன்றே அலகு கறுத்துவிட்டது. கெட்டுப்போய்விட்டதா?

இல்லை அம்மா, கெடவில்லை. கார்பன் எஃகில் குரோமியம் கிடையாது. எலுமிச்சை, மாங்காய், புளி எது பட்டாலும் நிறம் மாறும். முதல் நாள் நீலமும் சாம்பலும் கலந்த திட்டுகள், கொஞ்ச நாளில் மொத்த அலகும் ஒரே கருஞ்சாம்பல். நம் வீட்டுப் பழைய இரும்பு அரிவாள்மனை பழத்தைத் தொட்டதும் கறுக்குமே, அதே வேதியியல்தான். இந்தக் கறுப்புப் படலம் அடியிலுள்ள எஃகைத் துருவிலிருந்து ஓரளவு காக்கும். தேய்த்து எடுக்க வேண்டாம்.

செம்பழுப்பாக, விரலில் ஒட்டுகிற பொடியாக வருவதுதான் துரு. அதை விட்டுவைக்கக் கூடாது. வெட்டி முடித்ததும் கழுவி, உடனே துடைத்து, ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெயை அலகில் தடவிவிடுங்கள். பலாப்பழம் அறுக்கும் முன்பும் இதே எண்ணெய்தான், பால் ஒட்டாது.

கீலுக்கு மட்டும் தேங்காயெண்ணெய் விடாதீர்கள். 24 டிகிரிக்குக் கீழே அது உறையும். மார்கழிக் காலையில் கத்தி விரிய மறுக்கும், ஊட்டியில் கேட்கவே வேண்டாம். கீலுக்குத் தையல் மெஷின் எண்ணெய் ஒரு துளி போதும். மிஞ்சியதைத் துடைத்துவிடுங்கள்.

இந்தப் பராமரிப்பெல்லாம் முடியாது, அல்லது கடலோர ஊர் என்றால், அதே கத்தி துருப்பிடிக்காத எஃகிலும் வருகிறது. தூத்துக்குடியிலிருந்து கேட்டிருந்தவருக்கும் இதுவே பதில்.

கேள்வி (நாகர்கோவில்): மழைக்காலத்தில் ஓப்பினல் பிடிக்குள்ளிருந்து அலகு வரவே மாட்டேன் என்கிறது. நகம்தான் உடைகிறது.

மரம் ஈரத்தில் ஊதி, அலகை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. வளையத்தைத் திறந்த நிலைக்குத் திருப்புங்கள். பிடியின் பின்நுனியை மேசை விளிம்பில் ஒரு தட்டுத் தட்டுங்கள். அலகின் முனை கொஞ்சம் வெளியே எட்டிப் பார்க்கும், அதைப் பிடித்து இழுத்துவிடலாம். சவோய்க்காரர்களே இப்படித்தான் திறப்பார்கள், அந்தத் தட்டுக்கு அவர்கள் ஊர்ப் பெயரே உண்டு.

நிரந்தரமாகச் சரிசெய்ய, நன்றாகக் காய்ந்த நாளில் பிளவுக்குள் மெல்லிய உப்புத்தாளை மடித்துவிட்டு லேசாகத் தேய்த்து, ஆளிவிதை எண்ணெய் பூசி, சில நாள் உலரவிடுங்கள். அந்த எண்ணெய் மரத்துக்குள் இறுகிவிடும். தேங்காயெண்ணெய் இறுகாது. இந்தக் கத்தியைத் தண்ணீரில் ஊறப்போடுவது மட்டும் கூடவே கூடாது.

கேள்வி (பலர் கேட்டது): கூர் போடுவது எப்படி? தெருவில் வரும் சாணைக்காரரிடம் கொடுக்கலாமா?

அவர் அரிவாள்மனைக்கும் கத்தரிக்கோலுக்கும் நல்ல துணை. ஆனால் மடக்குக் கத்தியின் மெல்லிய அலகு வேறு. சுழலும் உலர்ந்த கல்லில் தீப்பொறி பறக்கும்போது விளிம்பு சட்டென்று சூடேறிவிடும். நீலம் தட்டினால் எஃகின் பதம் போய்விட்டது என்று அர்த்தம். பிறகு அந்த இடத்தில் கூர் நிற்காது. நீங்களே போடுங்கள், ஒரு மாலை நேரம் போதும்.

இரண்டு பக்கமும் வேறு வேறு கரகரப்புள்ள சாணைக்கல் ஒன்று, 400-உம் 1000-உம் போல, ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். நனைத்துக்கொள்ளுங்கள். அலகின் விளிம்பில் கறுப்பு மார்க்கர் பேனாவால் மை தீட்டுங்கள். கல்லிலிருந்து 15 முதல் 20 டிகிரி சாய்வாகப் பிடித்து, கல்லின் மேல்தோலைச் சீவி எடுப்பதுபோல் விளிம்பை முன்னால் வைத்துத் தள்ளுங்கள். இரண்டு தள்ளு தள்ளிவிட்டு மையைப் பாருங்கள். நுனி விளிம்பில் மை அப்படியே இருந்தால் சாய்வு குறைவு. நுனியில் மட்டும் போயிருந்தால் சாய்வு அதிகம். விளிம்பின் சரிவு முழுக்க மை போனால் அதுதான் உங்கள் கோணம், கையை அப்படியே நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஒரு பக்கமே தேய்த்துக்கொண்டு வந்தால் எதிர்ப்பக்கத்தில் நூலிழை மாதிரி ஒரு பிசிறு எழும். கண்ணுக்குத் தெரியாது. அலகின் முதுகிலிருந்து விளிம்பை நோக்கிக் கட்டைவிரலை மெதுவாக இழுத்தால் நுனியில் சொரசொரவென்று தட்டும். அடியிலிருந்து முனை வரை அது தட்டிய பிறகுதான் மறுபக்கம் திருப்ப வேண்டும். பாதியில் திருப்புவதால்தான் நிறையப் பேருக்குக் கூர் வருவதில்லை. பிறகு 1000 கல்லில் பக்கத்துக்குப் பக்கம் மாற்றி மாற்றி, அழுத்தமே இல்லாமல். கடைசியில் பழைய தோல் பெல்ட்டின் உள்பக்கத்தில் விளிம்பைப் பின்னால் வைத்து இழுத்தால் மிச்சப் பிசிறும் போய்விடும். செய்தித்தாளின் ஓரத்தை இழுபடாமல் அறுத்தால் வேலை முடிந்தது.

கல் இல்லாத நேரத்தில் பீங்கான் கோப்பையைக் கவிழ்த்து, அடியிலுள்ள பளபளப்பில்லாத வளையத்தில் நாலு இழுப்பு இழுங்கள். அவசரத்துக்கு ஆகும்.

கேள்வி (சென்னை, ஐடி ஊழியர்): சார், இதைப் பையில் வைத்திருந்தால் போலீஸ் பிடிக்குமா?

2016 ஆயுத விதிகளில் வருவது 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு. அதிலும் வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் செய்தவை விலக்கு. நாம் பேசுகிற கத்திகள் இதில் பாதிகூட இல்லை. ஆனால் டெல்லி போல சில இடங்களில் தனி அறிவிப்புகள் உண்டு, பட்டன் அமுக்கினால் பாயும் கத்திகளுக்கு அங்கே கெடுபிடி அதிகம். நீதிமன்றம், மெட்ரோ, சினிமா, அரசியல் கூட்டம் போகிற நாளில் வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். விமானத்தில் கைப்பையில் கூடவே கூடாது, செக்-இன் பெட்டியில் போடுங்கள். சாவிக்கொத்தில் கோர்த்த குட்டிக் கத்தியைத்தான் எல்லோரும் மறப்பார்கள்.

கேள்வி (லண்டன்): அண்ணை, இங்கே ஓப்பினல் 8 கொண்டு திரியலாமோ?

காரணமில்லாமல் கூடாது. 1988-ம் ஆண்டுச் சட்டப்படி, வெட்டும் விளிம்பு 3 அங்குலத்துக்கு மேற்படாத மடக்குக் கத்திக்குத்தான் விலக்கு. விரித்த நிலையில் பூட்டிக்கொள்ளும் கத்தியை மடக்குக் கத்தியாகவே அங்கே நீதிமன்றம் ஏற்பதில்லை. ஓப்பினல் 8 நீளத்திலும் மிஞ்சுகிறது, வளையமும் இருக்கிறது. 2 முதல் 5 வரையுள்ள சிறிய எண்களில் வளையம் இல்லை. மடக்கிய நிலையில் 91 மி.மீ. நீளமுள்ள விக்டோரினாக்ஸிலும் பூட்டு கிடையாது. அந்த அளவோடு நின்றுகொள்ளுங்கள். பாரிஸில் இருந்து கேட்ட தம்பிக்கு: அங்கே அளவு மட்டும் பேசாது, கையில் வைத்திருக்க நியாயமான காரணம் வேண்டும். பூங்காவில் சாப்பிடப் போகும்போது கூடையில் ரொட்டியோடு இருப்பது வேறு, இரவு ரயிலில் பாக்கெட்டில் இருப்பது வேறு.

கேள்வி: தற்காப்புக்கு உதவுமா?

உதவாது. அந்த எண்ணத்தோடு வாங்காதீர்கள். பூட்டில்லாத கத்தியால் குத்தப்போனால் உங்கள் விரல் மேலேயே மடங்கும். ஆயுதம் என்று நீங்கள் நினைத்து எடுத்துப்போகிற நிமிடமே சட்டத்தின் பார்வையிலும் அது ஆயுதம்.

கேள்வி (மதுரை): மகனுக்குப் பத்து வயது. கத்தி கேட்கிறான். கொடுக்கலாமா சார்?

பக்கத்தில் நீங்கள் உட்கார்ந்திருப்பீர்கள் என்றால் தாராளமாகக் கொடுங்கள். இரண்டு கம்பெனியுமே பிள்ளைகளுக்கென்று முனை உருண்ட கத்தி செய்கின்றன. கூராகவே கொடுங்கள். மழுங்கிய கத்தியை அழுத்தித் தள்ளும்போதுதான் வழுக்கிக் கையைக் கிழிக்கிறது. உட்கார்ந்துதான் சீவ வேண்டும், உடம்பைவிட்டு வெளிப்பக்கமாகத்தான் சீவ வேண்டும், யாரிடமாவது கொடுக்கும்போது மடக்கிக் கொடுக்க வேண்டும். முருங்கைக் குச்சியில் ஆரம்பிக்கட்டும், மெத்தென்று இருக்கும்.

கேள்வி (திருச்சி): பர்மா பஜாரில் வாங்கிய விக்டோரினாக்ஸ் அசலா என்று எப்படிப் பார்ப்பது?

பெரிய அலகின் அடிப்பாகத்தில், பிடிக்குள் நுழையும் இடத்தில் கம்பெனிப் பெயரும் ‘சுவிஸ் மேட்’ என்பதும் சுத்தமாகப் பதிந்திருக்க வேண்டும். விரிக்கும்போதும் மடக்கும்போதும் ‘டக்’கென்று தெளிவாக உட்காரும். கருவிகளுக்கு நடுவே வெளிச்சம் தெரிகிற இடைவெளி இருக்காது. பிடியின் நுனியில் செருகியிருக்கும் சின்ன இடுக்கியை உருவி, ஒரு தலைமுடியைப் பிடித்துப் பாருங்கள். அசல் பிடிக்கும். நம் தாத்தாக்கள் அரைஞாணில் தொங்கவிட்ட முள்வாங்கியின் வேலையை அதே நேர்த்தியோடு செய்யும். போலியில் இரண்டு நுனியும் சேரவே சேராது.

கேள்வி (திண்டுக்கல்): அப்பா வைத்திருந்த பழைய பேனாக்கத்தி துருப்பிடித்து மடங்கிய நிலையில் இறுகிவிட்டது. தூக்கிப்போட மனசில்லை.

போடவே போடாதீர்கள். இடுக்கியால் பிடித்து இழுக்கவும் வேண்டாம், முனை முறிந்துவிடும். கீலில் மண்ணெண்ணெய் விட்டு ஒரு இரவு வையுங்கள். மறுநாள் மெல்ல அசைத்து, மறுபடி விட்டு, அசையும்வரை பொறுமையாகச் செய்யுங்கள். விரிந்ததும் பழைய டூத்பிரஷ்ஷால் உள்ளேயிருக்கும் அழுக்கை எடுத்து, சோப்புத் தண்ணீரில் கழுவி, வெயிலில் காயவையுங்கள். அலகின் துருவுக்கு மிக மெல்லிய உப்புத்தாளும் எண்ணெயும் போதும். பிடியில் அப்பாவின் கை பட்டுத் தேய்ந்த வழவழப்பு இருக்கும், அங்கே மட்டும் உப்புத்தாளைக் கொண்டுபோகாதீர்கள். அலகில் குழிகள் மிஞ்சினாலும் பரவாயில்லை, விளிம்பு நேராக இருந்தால் இன்னும் நன்றாகவே வெட்டும்.