சேஃப்டி வேலைக்குப் போகலாமா? ஒரு தாயின் கேள்விக்குப் பதில்

அன்புள்ள அம்மாவுக்கு,

மெக்கானிக்கல் பி.இ. முடித்து ஓராண்டாக வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் உங்கள் மகன், அதை விட்டுவிட்டுத் தொழிலகப் பாதுகாப்பில் டிப்ளமோ சேரப்போவதாகச் சொல்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். "ஹெல்மெட் போட்டாயா, ஷூ போட்டாயா என்று கேட்டுத் திரிவதற்கா இவ்வளவு செலவு செய்து படிக்க வைத்தோம்?" என்பது உங்கள் கணவரின் குறை. "யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டால் என் பிள்ளையைத்தானே பிடித்துக்கொண்டு போவார்கள்?" என்பது உங்கள் பயம்.

பயத்துக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தொழிற்சாலைகளுக்கான பாதுகாப்புச் சட்டம் பொறுப்பாளிகளாகக் கூண்டில் நிறுத்துவது ஆலையை நடத்துபவரையும் மேலாளரையும். பாதுகாப்பு அதிகாரி அவர்களுக்கு ஆலோசனை சொல்லி உதவுபவர். போபால் விஷவாயு வழக்கில் 2010-இல் தண்டனை பெற்றவர்களும் யூனியன் கார்பைடின் இந்திய நிறுவனத்தின் தலைவர், நிர்வாக இயக்குநர், உற்பத்திப் பிரிவின் மேலாளர்கள் போன்றோர்தான். அதற்காக உங்கள் மகன் பெயர் எந்த எஃப்.ஐ.ஆரிலும் வராது என்று சத்தியம் செய்ய மாட்டேன். போலீஸார் முதலில் யார் பெயரை வேண்டுமானாலும் எழுதுவார்கள். ஆபத்தைக் கண்டவுடன் எழுத்தில் சொல்லி, நகலைக் கையில் வைத்திருப்பவருக்கு அந்த நேரத்தில் பிடிமானம் இருக்கும். வாயால் மட்டும் சொன்னவர் பாடு திண்டாட்டம்.

உங்கள் கணவரின் குறைக்குத்தான் நீளமாகப் பதில் சொல்ல வேண்டும். இந்தத் துறையில் ஹெல்மெட் கடைசி வரிசைக் காவல். ஆபத்தை அடியோடு நீக்க முடியுமா, ஆபத்து குறைந்த பொருளையோ முறையையோ கொண்டுவர முடியுமா, இயந்திரத்துக்கே தடுப்பு வைக்க முடியுமா, வேலை செய்யும் ஒழுங்கை மாற்ற முடியுமா என்று வரிசையாகக் கேட்டு, அதற்குப் பிறகும் மிஞ்சும் ஆபத்துக்குத்தான் ஹெல்மெட்டும் கையுறையும்.

தகட்டை அழுத்தி வடிவமாக்கும் ஒரு பிரஸ் இயந்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் மகன் தினமும் பார்க்கிற இயந்திரம்தான். இரண்டு கைகளாலும் இரண்டு பொத்தான்களை ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் அது இறங்கும். அழுத்தும் வேளையில் கை உள்ளே இருக்க முடியாது. ஆனால் ஒரு பொத்தானில் மரச் சக்கையைச் செருகியோ கம்பியால் கட்டியோ வைத்துவிட்டு, ஒற்றைக் கையால் வேலையை ஓட்டும் பழக்கம் பல பட்டறைகளில் உண்டு. ஒருநாள் விரல் போகிறது. விசாரணை அறிக்கையில் 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று எழுதி, அவருக்கு ஒரு மெமோவும் கொடுத்து, கோப்பை மூடிவிடுவார்கள். நல்ல பாதுகாப்பு அதிகாரி அங்கேதான் ஆரம்பிப்பார். அந்தச் சக்கை எத்தனை மாதமாக அங்கே இருந்தது? சூப்பர்வைசர் பார்க்கவே இல்லையா, பார்த்தும் பேசாமல் போனாரா? ஷிஃப்டுக்கு நிர்ணயித்த எண்ணிக்கையை இரண்டு கைகளாலும் அழுத்தி எட்ட முடியுமா? ஒரு பொத்தான் அழுந்தியபடியே இருந்தால் அடுத்த முறை ஓட மறுக்கும்படி இயந்திரத்தின் இணைப்பை அமைக்கலாமே, ஏன் அமைக்கவில்லை? இப்படிக் கேட்பவரை உற்பத்திப் பிரிவுக்குப் பிடிக்காது. அதுவும் இந்த வேலையில் சேர்த்தி.

பெரிய விபத்துகளிலும் கதை இதுதான். 1988 ஜூலை 6 அன்று வடகடலில் பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடை எரிந்து 167 பேர் இறந்தார்கள். பகலில் ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வைப் பழுதுபார்க்கக் கழற்றி, அந்த இடத்தைத் தற்காலிகமாக ஒரு தகட்டால் மூடியிருந்தார்கள். இரவில் மற்றொரு பம்ப் நின்றுபோனது. முதல் பம்பை ஓட்டலாமா என்று பார்த்த இரவு ஷிஃப்ட் ஆட்களுக்குப் பம்பின் பராமரிப்புக்கான ஒர்க் பெர்மிட், அதாவது வேலைக்கான எழுத்து அனுமதி, தெரிந்திருந்தது. வால்வு கழற்றப்பட்டது தெரியவில்லை. அதற்கான பெர்மிட் தனித் தாளாக இருந்தது. ஷிஃப்ட் மாறும்போது யாரும் வாயாலும் சொல்லவில்லை. பம்பை ஓட்டினார்கள், வாயு கசிந்தது, வெடித்தது. ஸ்விட்சைத் தட்டிய ஆளைக் குற்றவாளியாக்கிவிட்டால் அந்தத் தாள் ஏன் அவர் கண்ணில் படவில்லை என்ற கேள்விக்கு விடை கிடைக்காமலே போயிருக்கும். நீதிபதி கல்லன் தலைமையிலான விசாரணை பெர்மிட் முறையையும் நிர்வாகத்தையும் சேர்த்தே துருவி, 106 பரிந்துரைகளைத் தந்தது.

போபாலில் 1984 டிசம்பரில் அந்த விஷவாயுத் தொட்டியைக் குளிர்விக்கும் அமைப்பு ஓடவில்லை. வாயுவை எரித்துவிட வேண்டிய கோபுரத்தின் குழாய் பழுதுக்காகக் கழற்றப்பட்டிருந்தது. ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் 'இப்போதைக்கு இருக்கட்டும்' என்று முடிவெடுத்து விட்டிருக்கிறார்கள்.

ஆகவே உங்கள் மகனுக்கு நான் சொல்வது, சம்பளத்தைவிட முதலில் அந்த நிறுவனம் விபத்தைப் பற்றி எப்படிப் பேசுகிறது என்று பார்க்க வேண்டும். நேர்முகத் தேர்வில் "போன வருடம் எத்தனை நியர் மிஸ் பதிவானது?" என்று கேட்கட்டும். மயிரிழையில் தப்பிய சம்பவங்களைத்தான் அப்படிச் சொல்வார்கள். ஆயிரம் பேர் வேலை செய்யும் ஆலையில் "ஒன்றுமே இல்லை" என்று பெருமையாகச் சொன்னால், அங்கே யாரும் வாய் திறப்பதில்லை என்று பொருள். வாசலில் 'விபத்தில்லா நாட்கள்' பலகையில் பெரிய எண்ணைப் பார்த்து மயங்கவும் வேண்டாம். 2005-இல் அமெரிக்காவின் டெக்சாஸ் சிட்டி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை வெடித்து 15 பேர் இறந்தார்கள். சிறு காயங்களின் எண்ணிக்கை குறைந்திருந்ததை நிர்வாகம் பாதுகாப்பின் அளவுகோலாக எடுத்துக்கொண்டது. கால் இடறி விழுபவர்களை எண்ணும் கணக்கில் ஆலை வெடிக்கும் ஆபத்து தெரியாது. இன்னொரு கேள்வி: பாதுகாப்பு அதிகாரி யாரிடம் அறிக்கை கொடுக்கிறார்? உற்பத்தி மேலாளரிடம் என்றால் யோசிக்க வேண்டும்.

படிப்பு விஷயத்தில் அவசரம் வேண்டாம். சட்டப்படி பாதுகாப்பு அதிகாரியாக நியமனம் பெற, பொறியியல் பட்டத்துடன் தொழிற்சாலையில் மேற்பார்வைப் பொறுப்பில் குறைந்தது 2 ஆண்டு அனுபவம் வேண்டும் என்பதே விதி. பட்டம் இல்லாமல் பொறியியல் டிப்ளமோ படித்தவர்களுக்கு 5 ஆண்டு. உங்கள் மகன் இப்போதைய வேலையை விடாமல் மேற்பார்வைப் பொறுப்புக்கு வந்து, அந்த அனுபவத்தைச் சேர்த்துக்கொண்ட பிறகு பாதுகாப்பு டிப்ளமோவில் சேரட்டும். சென்னை தரமணியில் மத்திய அரசின் மண்டலத் தொழிலாளர் நிறுவனம் இருக்கிறது, அங்கே முயலலாம். திருச்சி என்.ஐ.டி.யில் இதே துறையில் எம்.டெக். உண்டு. தனியார் நிறுவனத்தில் பணம் கட்டும் முன், அந்தச் சான்றிதழைத் தமிழ்நாட்டுத் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம் ஏற்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். 'வளைகுடாவில் உடனே வேலை' என்று சொல்லி விற்கப்படும் நெபோஷ் என்ற பிரிட்டிஷ் பாதுகாப்புச் சான்றிதழுக்கு அங்கே மதிப்பு உண்டு என்பது உண்மை. ஆனால் நம் ஊர்ச் சட்டம் கேட்கும் டிப்ளமோவுக்கு அது ஈடாகாது.

வேலைவாய்ப்பு குறையாது. 1948-ஆம் ஆண்டின் பழைய தொழிற்சாலைகள் சட்டத்தில் பொதுவாக 1000 பேர் இருக்கும் ஆலைக்குத்தான் பாதுகாப்பு அதிகாரி கட்டாயமாக இருந்தார். அதற்கு மாற்றாக 2020-இல் இயற்றப்பட்ட தொழில் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் அதை 500 ஆகவும், அபாயகரமான தொழில்களில் 250 ஆகவும் குறைத்திருக்கிறது.

விதியில் இன்னொன்றும் உண்டு: பெரும்பாலான தொழிலாளர்கள் பேசும் மொழி பாதுகாப்பு அதிகாரிக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஸ்ரீபெரும்புதூரிலும் ஓசூரிலும் இன்று பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் இளைஞர்கள் நிறையப் பேர் இயந்திரத்தின் முன் நிற்கிறார்கள். டிப்ளமோவுக்குக் காத்திருக்கும் காலத்தில் உங்கள் மகன் பேச்சு இந்தியைக் கற்றுக்கொள்ளட்டும். அவர் பக்கத்து இயந்திரத்திலேயே ஆசிரியர் கிடைப்பார், கட்டணமும் கிடையாது.