புராஸ்டேட் கேன்சருக்கு ஹார்மோன் ஊசி போட்டு பிஎஸ்ஏ (ரத்தத்துல பாக்குற புராஸ்டேட் புரத அளவு) இறங்கிட்டா கேன்சர் செல் எல்லாம் செத்துருச்சுன்னு அர்த்தமா? ஊசியை நிறுத்தலாமா?

உங்க அப்பாவுக்குதான் கேக்குறீங்கன்னு நினைக்கிறேன், எங்க வீட்லயும் இதே பேச்சு ஓடுச்சு. நான் டாக்டர் இல்ல, பேங்க்ல வேலை, கூட இருந்து பாத்ததை சொல்றேன், அதுக்காக யாரும் சண்டைக்கு வராதீங்க.

செத்துருச்சுன்னு அர்த்தம் இல்லைங்க. புராஸ்டேட் கேன்சர் செல் வளர்றதே ஆண் ஹார்மோனை நம்பித்தான், அதை சுரக்கிற விரையை எடுத்தா நோய் அடங்குதுன்னு 1941லயே சிகாகோவுல சார்லஸ் ஹக்கின்ஸ்ங்கிற டாக்டர் காட்டிட்டார், 1966ல நோபல் கொடுத்தாங்க. ஊசியால அந்த ஹார்மோன் நின்னதும் கொஞ்சம் செல் சாகும், மிச்சம் சுருங்கி பம்மிக் கிடக்கும். பிஎஸ்ஏவை சுரக்க வைக்கிறதும் அதே ஹார்மோன்தான், அதனால உயிரோட இருக்கிற செல்லும் கம்மியாத்தான் விடும்.

இது தெரியாம, அப்பாவுக்கு பிஎஸ்ஏ 86ல இருந்து 0.4க்கு வந்தப்ப குலதெய்வத்துக்கு பொங்கலே வச்சோம். மூணு மாசத்துக்கு ஒருக்கா வயித்துல ஊசி, தவறவே இல்ல. ஒன்றரை வருஷம் கழிச்சு 1.1, அப்புறம் 3.8. டூப்ளிகேட் ஊசி குடுத்துட்டான்னு மருந்துக்கடைக்காரர்கிட்ட நடுரோட்டுல கத்திட்டேன். டாக்டர் டெஸ்டோஸ்டிரானையும், அதான் அந்த ஆண் ஹார்மோன், சேத்து பாக்க சொன்னார், 14தான் இருந்துச்சு, 50க்கு கீழ இருந்தாலே ஊசி வேலை செய்யுதாம். மாறினது செல்லுதான். ரிப்போர்ட்டு பின்னாடி ஒரு பூட்டும் சாவியும் வரைஞ்சு காட்டினார், சாவி ஹார்மோன், பூட்டு செல்லுக்குள்ள இருக்கிற ரிசெப்டர். சில செல் பூட்டை நிறைய பண்ணிக்குது, கொஞ்சூண்டு ஹார்மோன் போதும், சிலது தானே ஹார்மோன் தயாரிக்குது, சிலதுல சாவியே இல்லாம பூட்டு தொறந்துக்குது. கடைக்காரர்கிட்ட போய் மன்னிப்பு கேட்டேன், பாவம், டீ வாங்கிக் குடுத்தார்.

இப்ப ஊசியோட, ஹார்மோன் தயாரிக்கிறதையே தடுக்கிற அபிராடிரோன், காலைல வெறும் வயித்துல நாலு மாத்திரை, கூட பிரெட்னிசோலோன்னு ஸ்டீராய்டு மாத்திரை. பிஎஸ்ஏ 0.9ல நிக்குது.

இன்னொன்னு சொல்லியே ஆகணும், ஒரு கல்யாண வீட்ல சொந்தக்காரர் ஒருத்தர் அப்பாகிட்ட, ஊசி போட்டா ஆம்பளைத்தனம் போயிருமாமேன்னு எல்லார் முன்னாடியும் கேட்டார், அப்பா பாதி இலைல எந்திரிச்சுட்டார். ஊசியால மார்கழி ராத்திரிலயும் உடம்பு கொதிச்சு பேப்பரால விசிறிக்கிட்டு உக்காந்திருப்பார்ங்க அவர், அது இவங்களுக்கு என்ன தெரியும்.

சிலருக்கு டாக்டரே இடைவெளி விட்டு போடுவாங்க, அது வேற, நீங்களா நிறுத்தாதீங்க. அடுத்த தடவை பிஎஸ்ஏவோட டெஸ்டோஸ்டிரானும் பாக்கலாமான்னு கேளுங்க. பிஎஸ்ஏவே சுரக்காத மாதிரி மாறிடற செல்லும் உண்டு, அதனால ஸ்கேன் சொன்னா தள்ளிப் போடாதீங்க.