பலாலியில் இறங்கப்போகும் முன்னாள் படைவீரருக்கு

கேள்வி: 1988, 89-இல் இந்திய அமைதி காக்கும் படையில் யாழ்ப்பாணத்தில் இருந்தேன். இப்போது அறுபதை நெருங்குகிறேன். குடும்பத்தோடு யாழ்ப்பாணம் சுற்றிப் பார்க்க மகன் விமான டிக்கெட் எடுத்துவிட்டான். நாங்கள் தங்கியிருந்த முகாமை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை எனக்கும் உண்டு. ஆனால் டிக்கெட் எடுத்த நாள் முதல் நடுநிசியில் விழித்துக்கொள்கிறேன். அங்கே யாராவது கேட்டால் சிப்பாயாக வந்திருந்தேன் என்று சொல்லலாமா? மன்னிப்புக் கேட்க வேண்டுமா? போவதே சரிதானா?

பதில்: போகலாம். ஆனால் உங்கள் மகன் போட்டிருக்கும் திட்டத்தைக் கொஞ்சம் கலைக்க வேண்டியிருக்கும்.

முதலில் தூக்கத்தைப் பார்ப்போம். பயணம் நெருங்கும்போது பழைய நினைவு கிளறப்பட்டு உறக்கம் கெடுவது போரில் இருந்தவர்களிடம் நான் அடிக்கடி பார்ப்பது. அதை மட்டும் வைத்துப் பயணத்தை நிறுத்தச் சொல்லமாட்டேன். வேறு சிலவற்றைக் கேட்பேன். கெட்ட கனவு வாரத்தில் பல நாள் வருகிறதா? தூங்குவதற்காகக் குடிக்கிறீர்களா? பட்டாசுச் சத்தத்தில் உடல் துள்ளினால் அடங்க வெகுநேரம் ஆகிறதா? இவற்றில் ஒன்றுக்கு 'ஆம்' என்றாலும் பயணத் தேதியைத் தள்ளிவைத்துவிட்டு மனநல மருத்துவரைப் பாருங்கள். 'இருந்து என்ன பயன்' என்ற எண்ணம் எட்டிப்பார்த்தால் அன்றைக்கே பாருங்கள். முன்னாள் படைவீரருக்கான இசிஎச்எஸ் மருத்துவத் திட்டத்தில் நீங்கள் இருந்தால் அந்த வழியில் போகலாம். இரவில் பேச ஆள் வேண்டுமென்றால் அரசின் டெலி மானஸ் எண் 14416. தமிழிலேயே பேசலாம்.

இடத்தை நேரில் பார்த்துவிட்டால் எல்லாம் ஆறிவிடும் என்று பலர் நம்பி வருகிறார்கள். அதிர்ச்சிக்கான சிகிச்சையிலும் பழைய நினைவை எதிர்கொள்ளும் பகுதி இருக்கிறது, உண்மைதான். ஆனால் அங்கே பயிற்சி பெற்றவர் பக்கத்தில் இருப்பார். உங்கள் வேகத்துக்கு ஏற்பப் படிப்படியாக, திரும்பத் திரும்ப நடக்கும். பேரப்பிள்ளைக்குப் பனங்கட்டி வாங்குவதற்கும் படகுக்கு ஓடுவதற்கும் நடுவே அது நடக்காது. சிலருக்குப் பயணத்துக்குப் பின் மனம் இலேசாகிறது. சிலருக்குக் கூடுதலாகக் கலங்குகிறது. எது நடக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பதால்தான் ஏற்பாடு வேண்டும் என்கிறேன்.

ஏற்பாட்டில் முதல் சிக்கல் விமானம். சென்னையிலிருந்து நேரே போகும் விமானம் இறங்குவது பலாலியில். 1987 ஜூலை 30 முதல் உங்கள் படையினர் வந்திறங்கிய அதே தளம்தான் 2019 அக்டோபரில் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. காலையில் சென்னையில் வீட்டைப் பூட்டிவிட்டு, ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான பயணத்தில், எந்தத் தயாரிப்பும் இல்லாமல் அந்த மண்ணில் கால் வைப்பீர்கள். டிக்கெட்டை மாற்ற முடியுமானால் கொழும்புக்குப் போங்கள் என்பேன். நாடாளுமன்றத்துக்கு அருகே பத்தரமுல்லையில் உங்கள் படையின் நினைவுச்சின்னம் இருக்கிறது. அந்த இரண்டரை ஆண்டுகளில் உயிரிழந்த இந்திய வீரர்கள் ஏறத்தாழ 1,200 பேர். அவர்களது பெயர்கள் அங்கே பொறிக்கப்பட்டிருக்கின்றன. கூட இருந்தவர்களுக்காக அழவேண்டியதை அங்கே அழுதுவிடலாம்; யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். பிறகு யாழ்ப்பாணம் போகும் ஏ-9 சாலையில் மெல்ல வடக்கே போங்கள். டிக்கெட்டை மாற்ற முடியாதென்றால் பலாலியிலிருந்து நேரே விடுதிக்குப் போய் அன்று முழுவதும் எங்கும் வெளியே கிளம்பாதீர்கள்.

பலாலியிலும் ஒரு நினைவுச்சின்னம் உண்டு. ஆனால் அது இராணுவக் கட்டுப்பாட்டுப் பகுதியில் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் இருக்கும் இந்தியத் துணைத் தூதரகத்துக்கு முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். வாசலில் போய் நின்று 'நானும் பட்டாளத்துக்காரன்தான்' என்று சொல்வது வேலைக்கு ஆகாது.

இனி முகாம். நீங்கள் அதை முகாம் என்று எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலும் அது ஒருவருடைய வீடாகவோ பள்ளிக்கூடமாகவோ இருந்திருக்கும். சுற்றுமதில், கிணறு, முற்றத்தில் மாமரம் எல்லாம் உங்கள் நினைவில் அப்படியே இருக்கலாம். அந்த வீட்டுக்காரருக்கும் அவை நினைவிருக்கும், வேறு விதமாக. 1990 மார்ச்சில் உங்கள் படை கிளம்பிய பிறகு அங்கே இன்னும் பத்தொன்பது ஆண்டுகள் போர் நடந்தது என்பதையும் மறக்காதீர்கள். பலாலியைச் சுற்றியுள்ள வலிகாமம் வடக்கு மக்கள் 1990-இல் வெளியேற்றப்பட்டார்கள்; அவர்கள் நிலம் உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. 2009-க்குப் பிறகு அது பகுதி பகுதியாகத்தான் விடுவிக்கப்பட்டது. ஆகவே நீங்கள் தேடும் வீடு இடிந்திருக்கலாம், புதிதாகக் கட்டப்பட்டிருக்கலாம், கனடாவில் இருப்பவர் பெயரில் பூட்டிக் கிடக்கலாம். தெருவில் நடந்து போய்ப் பாருங்கள். கதவைத் தட்டாதீர்கள். அவர்களாக அழைத்தால் மட்டும் உள்ளே போங்கள். மகனை வாசலில் நிறுத்திப் படம் எடுக்கவேண்டாம்.

இது எல்லா ஊருக்கும் பொருந்தும். பின்னர் பரம்வீர் சக்ரா அளிக்கப்பட்ட மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் 1987 நவம்பர் 25 அன்று வீழ்ந்தது கந்தரோடையில். இன்று அங்கே பழைய பௌத்தத் தூபிகளைப் பார்க்கச் சுற்றுலாப் பயணிகள் வருகிறார்கள். உங்களுக்கு அது அவருடைய ஊர். அங்கே குடியிருப்பவருக்கு அந்த நவம்பர் வேறொன்றாக இருக்கலாம். யாழ்ப்பாணம் போதனா மருத்துவமனை பற்றியும் தெரிந்துகொண்டு போங்கள். 1987 அக்டோபர் 21, 22 தேதிகளில் அங்கே நோயாளிகளும் மருத்துவர்களும் தாதியரும் இந்தியப் படையால் கொல்லப்பட்டார்கள். புலிகளோடு நடந்த மோதலில் சிக்கினார்கள் என்றது படைத் தரப்பு. உயிர் தப்பியவர்களின் சாட்சியம் அதற்கு நேர்மாறானது. ஆண்டுதோறும் அங்கே நினைவுகூர்கிறார்கள். வல்வெட்டித்துறையில் பொதுமக்கள் இந்தியப் படையால் கொல்லப்பட்டது 1989 ஆகஸ்டில். நீங்கள் அந்த இடங்களில் இல்லாமல் இருந்திருக்கலாம். உங்கள் சீருடை இருந்தது.

அதனால் தேதி முக்கியம். செப்டம்பர் 15 முதல் 26 வரை நல்லூரில் திலீபன் நினைவு நாட்கள். புலிகள் இயக்கத்தைச் சேர்ந்த அவர் 1987-இல் உண்ணாவிரதம் இருந்து உயிர்விட்டார்; கோரிக்கை வைத்தது இந்தியாவிடம். அக்டோபர் 21, 22 மருத்துவமனை நினைவு. நவம்பர் 27 இறந்த புலிகளை நினைவுகூரும் மாவீரர் நாள், மே 18 போரின் முடிவில் இறந்தவர்களுக்கான முள்ளிவாய்க்கால் நினைவு. இந்த நாட்களைத் தவிர்த்துவிடுங்கள். யாரும் அடிப்பார்கள் என்பதற்காகச் சொல்லவில்லை. துக்க வீட்டுக்கு வேடிக்கை பார்க்கப் போகக்கூடாது, அவ்வளவுதான். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் ஊர் கலகலப்பாக இருக்கும். கூட்டமும் சத்தமும் உங்களுக்கு ஒத்துவருமா என்று யோசியுங்கள்.

யாராவது கேட்டால் என்ன சொல்வது? கட்டாயம் கேட்பார்கள். நீங்கள் வாயைத் திறந்ததும் தமிழ்நாட்டுக்காரர் என்று தெரிந்துவிடும். விடுதி நடத்தும் அம்மா தேநீர் கொடுத்துக்கொண்டே "முந்தி வந்திருக்கிறீங்களோ?" என்பார். இல்லை என்று பொய் சொல்லாதீர்கள்; பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மனைவியையும் மகனையும் சேர்த்துப் பொய்யர்களாக்குவீர்கள். "வந்திருக்கிறேன். எண்பத்தெட்டில், படையில் இருந்தபோது." இவ்வளவு போதும். அதன் பிறகு வாயை மூடிக்கொள்ளுங்கள். இந்திய-இலங்கை ஒப்பந்தம், ராஜீவ் காந்தி, புலிகள், மேலிட உத்தரவு எதையும் இழுக்கவேண்டாம். அவர் பேச்சை மாற்றினால் மாற்றட்டும். எழுந்து உள்ளே போனால் போகட்டும். தன் வீட்டில் நடந்ததைச் சொல்லத் தொடங்கினால், குறுக்கே 'நாங்களும் பட்டோம்' என்று சொல்லாமல் கடைசிவரை கேளுங்கள். கேட்காதவரிடம் நீங்களாகப் போய் அறிவிக்கவும் வேண்டாம்.

மன்னிப்பு விஷயத்தில் என் கருத்து பலருக்குப் பிடிப்பதில்லை. வழியில் கிடைத்த ஒருவரிடம் மன்னிப்புக் கேட்பது, உங்கள் சுமையை அவர் மடியில் இறக்கிவைப்பது. அவர் விருந்தோம்பலுக்காக 'பரவாயில்லை' என்பார். அந்தச் சொல்லை அவரிடமிருந்து பிடுங்கியதாகிவிடும். நீங்கள் குறிப்பிட்ட ஒருவருக்குக் குறிப்பிட்ட தீங்கு செய்திருந்தால் அது வேறு கதை. அதை முதலில் இங்கேயே, மருத்துவரிடம், முழுதாகச் சொல்லுங்கள். மேற்கொண்டு என்ன செய்வது என்பதைப் பிறகு யோசிக்கலாம்.

மகனிடமும் கிளம்பும் முன் பேசிவிடுங்கள். அவர் அப்பாவின் வீரக் கதையை எதிர்பார்த்து வருகிறார் என்று நினைக்கிறேன். 'அப்பா போரிட்ட மண்' என்று தலைப்பிட்டுக் காணொளி போடும் எண்ணம் இருந்தால் கண்டிப்பாக நிறுத்துங்கள். மனைவியிடம் ஒரு சொல்லை முடிவு செய்துகொள்ளுங்கள். அதைச் சொன்னால் காரணம் கேட்காமல் அந்த இடத்தைவிட்டு இருவரும் கிளம்பிவிட வேண்டும். மனத்தை உலுக்கும் இடங்களை ஒரு நாளைக்கு ஒன்று, காலையில், பயணத்தின் நடுப்பகுதியில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசி நாளில் வைத்தால் கலங்கிய மனத்தோடு விமானம் ஏறுவீர்கள். மூச்சு முட்டினால் பாதத்தைத் தரையில் அழுத்தி, இன்றைய தேதியையும் மனைவி பெயரையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரையை மருத்துவர் சொல்லாமல் கூட்டவோ குறைக்கவோ கூடாது.

மற்றவை சுருக்கமாக. கிளம்பும் முன் இலங்கைக் குடிவரவுத் துறையின் அதிகாரபூர்வத் தளத்தில் மின்னணுப் பயண அனுமதி பெறுங்கள்; அதே தோற்றத்தில் கூடுதல் பணம் பறிக்கும் தளங்கள் உண்டு. முகமாலைப் பக்கம் கண்ணிவெடி அகற்றும் வேலை நீண்ட காலமாக நடந்துவருகிறது. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகையைக் கண்டால் திரும்பிவிடுங்கள், 'எனக்குத் தெரியாத மிதிவெடியா' என்ற நினைப்பு வேண்டாம். பச்சைப் புள்ளிச் சட்டை, தொப்பி, பதக்கம் எதுவும் பெட்டியில் இருக்கக்கூடாது. இராணுவ முகாம்களைப் படம் எடுக்காதீர்கள். வயலில் கிடக்கும் பழைய தோட்டாவை நினைவுப்பொருளாக எடுத்து வராதீர்கள். பையில் ஒரு தோட்டா இருந்தால் விமான நிலையத்தில் ஆயுதச் சட்டப்படி வழக்கு வரலாம்.

திரும்பிய பிறகுதான் பலருக்கு ஆட்டம் காண்கிறது, குறிப்பாக முதல் இரண்டு மூன்று வாரங்களில். எனவே மருத்துவரைப் பார்க்க ஒரு தேதியைக் கிளம்பும் முன்பே வாங்கிவிடுங்கள். நன்றாகத் தூங்கினாலும் அன்று போய் வாருங்கள்.