மலையேறும் மர ரயில்

கேள்வி: அமெரிக்காவில் மரம் வெட்டும் நிறுவனங்கள் தமக்கென்று போட்டுக்கொண்ட குறுந்தொலைவு ரயில் பாதைகள் அநேகமாக மறைந்துவிட்ட பிறகும், மேற்கு வர்ஜீனியாவின் காஸ் ரயில் மட்டும் பிழைத்தது எப்படி?

பதில்: அந்தப் பாதைகள் நெடுநாள் நிலைக்க வேண்டும் என்று அவற்றைப் போட்டவர்களே நினைக்கவில்லை. ஒரு சரிவில் மரம் தீர்ந்ததும் தண்டவாளத்தைப் பெயர்த்து அடுத்த சரிவில் போடுவதே வழக்கமாக இருந்ததால், அவை மறைந்ததில் வியப்பில்லை; காஸ் தப்பியதுதான் வியப்பு.

மலைமேல் வளர்ந்திருந்த சிவப்பு ஸ்ப்ரூஸ் மரங்களைக் கீழே கொண்டுவர, வெஸ்ட் வர்ஜீனியா பல்ப் அண்ட் பேப்பர் நிறுவனம் 1901-இல் இப்பாதையைத் தொடங்கிற்று. பலகைக்கான மரம் காஸ் ஊரிலேயே அறுபட்டது. காகிதக் கூழுக்கான மரம் வர்ஜீனியாவின் கோவிங்டன் ஆலைக்குப் போயிற்று.

சாதாரண ரயில் 100 அடி தூரத்துக்கு 2 அடி ஏறவே திணறும். இங்கே சில இடங்களில் 11 அடி ஏற வேண்டும். அதைச் சாத்தியமாக்கியது ஷே எஞ்சின். மிச்சிகன் மாநிலத்து மர வியாபாரி எஃப்ரைம் ஷே 1881-இல் காப்புரிமை பெற்ற இந்த எஞ்சினில், நீராவி உருளைகள் வலப்பக்கத்தில் செங்குத்தாக நிற்கும். அவை சுழற்றும் நீண்ட தண்டு பற்சக்கரங்களின் வழியே ஒவ்வொரு அச்சையும் திருப்புவதால், சும்மா உருளும் சக்கரம் என்று ஒன்றுகூட இராது. உருளைகளின் எடையை ஈடுகட்டக் கொதிகலனைச் சற்று இடப்பக்கம் தள்ளி வைத்திருப்பார்கள். முன்னாலிருந்து பார்த்தால் கோணலாகத்தான் தெரியும். வேகத்தைப் பற்றிப் பேசாமலிருப்பதே எஞ்சினுக்கு மரியாதை. வளைந்து செல்லவும் இடமில்லாத சரிவுகளில் ரயில் முன்னே சென்று நின்று, தடம் மாறிப் பின்னோக்கி ஏறி, மறுபடியும் முன்னோக்கித் திரும்பும்.

பிற இடங்களில் லாரிகள் வந்து ரயிலை ஒழித்த பிறகும், காஸில் 1960 வரை நீராவி எஞ்சின்களே மரம் இழுத்தன. அந்த ஆண்டு ஆலை மூடப்பட்டுப் பாதை பழைய இரும்புக்கு விலைபோன வேளையில், ரயில் ஆர்வலர்களும் ஊர்க்காரர்களும் வற்புறுத்தியதன் பேரில் மாநில அரசு அதை வாங்கியது. பாதையும் பட்டறையும் எஞ்சின்களும் ஒரே இடத்தில் அப்படியே மிஞ்சியிருந்தது, என் கருத்தில், பெரும் அதிர்ஷ்டம். 1905-இல் செய்த ஐந்தாம் எண் ஷே எஞ்சின் இன்றும் காஸிலேயே இருக்கிறது. 1963-இல் சுற்றுலா ரயில் தொடங்கியபோது, மரம் ஏற்றிய தட்டை வண்டிகளிலேயே இருக்கைகளைப் பொருத்திப் பயணிகளை ஏற்றினார்கள்.